பதில் பெல்

இதை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கியே பல வருடங்கள் போய்விட்டன. இரண்டு முறை நோட்டில் ஆரம்பித்தேன். முதல் முறை நைனா உயிரோடு இருந்தார், அவர் கண்ணில் பட்டுவிடுமோ என்று கிழித்துப் போட்டேன். இரண்டாம் முறை அம்மா தவறி ஒரு வருடம் ஆகியிருந்தது. மறுத்துப் பேச ஆள் இல்லாதபோது எழுதுவது நியாயம் இல்லை என்று பட்டது, அதையும் கிழித்தேன். இப்போது எனக்கே அறுபது தாண்டிவிட்டது. முருகன் இன்னும் எத்தனை நாள் வைத்திருப்பானோ அவனுக்குத்தான் தெரியும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கக் கம்பெனி வீட்டு வரிசையான ஸ்கெலட்டன் லைனில் என்னோடு வளர்ந்து, இன்றைக்குப் பெங்களூரிலும் ஓசூரிலும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிற உங்களுக்காகத்தான் இது. என் நைனாவை உங்களுக்குத் தெரியும். அப்பாவை நாம் எல்லோரும் நைனா என்றுதானே கூப்பிட்டோம். கைத்தடி ஊன்றிக்கொண்டு லேம்ப் ரூமுக்கு நடந்து போகிற ஆளாக அவரைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தைய ஐந்து மாதங்களில் எங்கள் வீட்டுக்குள் நடந்ததில் உங்களுக்குத் தெரிந்தது பாதி.

எழுத வைத்தது ஒரு சின்ன விஷயம். போன ஆவணியில் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் பள்ளிக்கூடத்துச் சினேகிதி ஒருத்தியைப் பார்த்தேன். அவள் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் என்று சொன்னாள். அன்றைக்கே போய்ப் பார்த்தேன். மருமகள் அவருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை. "மாமாவ நாங்க அசையவே விடறதில்ல ஆன்ட்டி" என்றாள், பெருமையாக. வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நைனா தங்கச் சுரங்கத்தில் பெல்மேன். நம் பேரப் பிள்ளைகளுக்கு இது தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். ஆட்களை ஷாப்டில், அந்தச் செங்குத்துக் குழியில், இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டுதான் கேஜ். அதை ஓட்டுகிற வைண்டிங் டிரைவர் மேலே இஞ்சின் அறையில் உட்கார்ந்திருப்பார். பூமிக்கு அடியில் நடப்பது எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. கீழே லெவலில், அதாவது சுரங்கத் தளத்தில், நிற்கிற பெல்மேன் அடிக்கிற பெல்தான் அவருக்குக் கண். மூணு அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள் என்று அர்த்தம். மேலேயிருந்து அதே மூணு திரும்பி வர வேண்டும். அது பதில் பெல். பதில் வந்த பிறகு ஒண்ணு அடித்தால் கேஜ் மேலே போகும். ரெண்டு அடித்தால் கீழே இறங்கும். பதில் வராமல் பெல்மேன் அடுத்ததை அடிக்க மாட்டார்.

நமக்கு இது விளையாட்டு. குழாயடிப் படிக்கட்டு கேஜ், என் எண்ணெய் டின்னும் கரண்டியும் பெல். மூடி போன டின், ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். நைனாதான் எனக்கு முறையாகச் சொல்லிக் கொடுத்தார்.

"மூணு அட்ச்சிட்டே. பதில் வரல. இன்னா பண்ணுவே?"

"இன்னொரு தபா அடிப்பேன்."

"தப்பு. நிப்பே. மேல கீறவன் இன்னா பாத்துக்கினு கீறானோ உனுக்குத் தெரியாது. அவனா குடுக்கறவரைக்கும் நிப்பே."

எனக்குப் பத்து வயது நடந்தபோது, ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, டீ குடித்துக்கொண்டிருந்த நைனாவின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. அவர் குனிந்து எடுக்கவில்லை. தன் வலது கையை, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார். அப்புறம் வாய் ஒரு பக்கம் இறங்கியது. அம்மா ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். அவர் அவளைப் பார்த்து, "போடா" என்றார்.

மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். தண்ணீர் வேண்டுமா என்றால் போடா. வலிக்கிறதா என்றால் போடா. கல்யாணமான நாளிலிருந்து அம்மாவை ஒரு தடவைகூட மரியாதை இல்லாமல் கூப்பிடாத மனுஷர். அம்மா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அவள் அழுதது கை கால் விழுந்ததற்கு மட்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

முதல் வாரம் டாக்டர் ரெஸ்ட் வேண்டும் என்று சொன்னார். கடைசி வாரம், இனிமேல் தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும், அழைத்து வாருங்கள் என்று சொன்னார். அம்மா முதலில் கேட்ட சொல்லையே பிடித்துக்கொண்டாள். அங்கே பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் இருந்தார், கோலார் பக்கத்துக்காரர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். எக்ஸர்சைஸ் அம்மா என்றுதான் எல்லோரும் சொல்வோம். எப்படிப் புரள்வது, எப்படி உட்காருவது என்று பொம்மை பொம்மையாக வரைந்த ஒரு காகிதத்தை அவர் கொடுத்து அனுப்பினார். அம்மா அதைப் பயபக்தியோடு வாங்கிவந்து சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் காகிதத்துக்கும் குங்குமம் வைத்தாள். அது எங்கள் வீட்டில் இருப்பதே நைனாவுக்கு நல்லது செய்யும் என்று நாங்கள் மனப்பூர்வமாக நம்பினோம்.

நைனாவின் அக்கா, என் அத்தை, பேத்தமங்களாவிலிருந்து கேழ்வரகு மூட்டையோடும் விளக்கெண்ணெயோடும் வந்து சேர்ந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் வந்த பிறகு நைனா ஒரு விரலை அசைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஊட்டினாள், துடைத்தாள், புரட்டினாள், மலஜலம் எடுத்தாள். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அவளை நீங்கள் கெட்டவளாக நினைத்துவிடக் கூடாது.

ஒருநாள் துணி துவைக்கிற கல்லண்டை அவளும் அம்மாவும் பேசியதைக் கேட்டேன். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என்னை ஒரு ஆளாக அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

"இன்னாமே, யோசன பண்ணியா? லீவு முடிஞ்சா மெடிக்கல் போர்டு. அங்க அன்பிட்டுன்னு எழுதிட்டா பையனுக்கு வேல. வேல கீதுன்னா வூடு கீது."

"அவரு எழுந்து நின்னா எனக்கு அது போதுங்க்கா."

"எழுந்துக்க மாட்டான்மே. எங்க ஊர்ல எத்தினி பேரப் பாத்துட்டேன். அப்டியே எழுந்தாலும் அரையும் கொறையுமாத்தான் நிப்பான். லைட் டூட்டின்னு எங்கனா ஒரு மூலையில குந்த வெச்சிடுவாங்க. பையன் தெருவுல நிப்பான். கீறவங்க பொழைக்க வாணாமா?"

அம்மா துணியைப் பிழிந்தாள். தண்ணீர் சொட்டுவது நின்ற பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் போய்விட்டு, வேலைக்குக் காத்திருந்தான். அன்பிட், வேலைக்கு லாயக்கில்லை என்பது, வெளியூரில் கெட்ட வார்த்தையாக இருக்கலாம். நம் லைன்களில் அது ஒரு வீட்டுக்கு வழியாகவும் இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். நான் அன்றைக்குப் புரிந்துகொண்டது இவ்வளவுதான்: நைனா எழுந்தால் அண்ணனுக்கு வேலை இல்லை, வீடும் இல்லை.

அந்த வாரத்தில்தான் தட்டல் ஆரம்பித்தது. நைனா படுத்திருந்தது இரும்புக் கட்டில். நல்ல கையான இடது கையின் முட்டியால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். டக், டக், கொஞ்சம் தாமதித்து, டக். பிறகு நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். எவ்வளவோ கழித்து மறுபடி அதே மூணு.

நரம்பு இழுக்கிறது என்றாள் அத்தை. பக்கத்து வீட்டுக்காரர்கள் காற்றுச் சேஷ்டை என்றார்கள். கோயில் பூசாரி வந்து விபூதி போட்டுக் கையில் கயிறு கட்டினார். நைனா அவரைப் பார்த்து, "போடா" என்றார்.

பூசாரி நல்ல மனுஷர். "போறேம்பா. நான் போறேன், நீ எழுந்து கோயிலுக்கு வா" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்கு முதல் தட்டலிலேயே தெரிந்துவிட்டது. ஆள் ஏறியாயிற்று, பதில் கொடு. என் கை தானாகக் கரண்டியைத் தேடியது. கல்லண்டை கேட்டது நினைவுக்கு வந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். பதில் வராமல் அவர் அடுத்ததை அடிக்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அவர்தானே சொல்லிக் கொடுத்தார்.

மார்கழிக் குளிரில் தோல் வெடித்து, முட்டியில் ரத்தம் வந்தது. அத்தை விளக்கெண்ணெய் தடவினாள். மறுநாளும் ரத்தம்.

"கண்ணு, அந்தத் துண்ட எடுத்து சட்டத்தோட சேத்துக் கட்டு. எனக்குக் கை எல்லாம் எண்ணெ" என்றாள்.

ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட துண்டு. ஷிப்டுக்குப் போகும்போது நைனா தோளில் போட்டுப் போவது. அதை எடுத்துக் கையைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நல்ல கை, இழுத்திருக்கலாம். நான் கட்டி முடிக்கிற வரையில் என்னைப் பார்த்துக்கொண்டு அப்படியே கொடுத்துவைத்திருந்தார்.

தை பிறந்த மறுவாரம் வைண்டிங் டிரைவர் வந்தார். மூன்று லைன் தள்ளி அவர் வீடு. பெல் அடிக்கிற கீழ் ஆள் நைனா என்றால், பதில் கொடுக்கிற மேல் ஆள் இவர். மாலை போட்டு மலைக்குப் போய்வந்த கையோடு பிரசாதம் கொண்டுவந்திருந்தார். தரையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த டீயைக் குடித்தபடி மலையில் கூட்டம், குளிர் என்று பேசிக்கொண்டிருந்தார். படுத்திருப்பவரை நேராகப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

அப்போது கட்டிலின் கால்மாட்டிலிருந்து சத்தம் வந்தது. கை கட்டியிருந்ததால் நைனா இடது குதிகாலால் தட்டினார். டக், டக், கொஞ்சம் தாமதித்து, டக்.

"அண்ணி, கொஞ்சம் பேசாத இருங்க" என்றார் டிரைவர்.

யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை, அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். டம்ளரைத் தரையில் மூன்று தட்டுத் தட்டினார். டீ சிந்தியது. நைனாவின் முகத்தில் விழாமல் இருந்த பாதி மட்டும் இறுகியது. குதிகால் ஒரு தட்டு. ஒண்ணே ஒண்ணு.

டிரைவர் எழுந்து நின்றுவிட்டார். "தூக்கச் சொல்றாரு அண்ணி. ஆள் ஏறியாச்சி, மேல தூக்குன்றாரு."

"நீ இன்னாப்பா," என்றாள் அத்தை, "கால் ஆட்றதுக்கெல்லாம் அர்த்தம் சொல்லிக்கினு."

"யக்கா, இத்தினி வருசமா இவரு மூஞ்சியப் பாத்தா நான் வண்டி ஓட்டுனேன்? இந்தத் தட்டறதக் கேட்டுத்தான் ஓட்டுனேன். ஒவ்வொருத்தன் பெல்லும் ஒரு மாதிரி. இவுரு மூணாவது கொஞ்சம் லேட்டாத்தான் அடிப்பாரு. யாரு கையின்னு எனுக்குத் தெரியாதா? எத்தினி பேரு உசுர இந்தக் கைய நம்பித் தூக்கிக்கீறேன்."

துண்டைப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்தார். "இதாரு கட்டுனது?"

அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை, விளையாட்டாகத்தான் கேட்டார்.

"இன்னா பாப்பா, நாளெல்லாம் டின்னு தட்டிக்கினு கெடப்பியே. உனுக்குமா தெரியல?"

"தெரியல" என்றேன்.

நைனா என்னைப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் போடா சொல்லிக்கொண்டிருந்தவர் அப்போது எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் ஜட்கா வைத்து நைனாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அம்மா முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து காகிதத்தை எடுத்துக்கொண்டாள். எக்ஸர்சைஸ் அம்மா அதை விரித்துப் பார்த்தார். பொம்மைகள் தெரியாதபடி குங்குமம்.

"பூஜை ஆய்த்து. இனிமே கெலச மாடணும்" என்றார். கெலசம் என்றால் வேலை, மாடணும் என்றால் செய்யணும். திட்டுவார் என்று பயந்திருந்தோம். அவர் சிரித்ததும் அம்மாவுக்கு அழுகை வந்தது.

அவர் சொன்னதை என் அறிவுக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். "கை கால் கெடல. அதுக்கு ஆர்டர் குடுக்கற எடம் மூளைல கெட்டுப்போச்சு. அந்த வேலைய பக்கத்துல இருக்கற எடத்துக்குக் கத்துக் குடுக்கணும். நூறு தடவ கேட்டா ஒரு தடவ செய்யும். சும்னே படுக்க வெச்சு எல்லாத்தயும் நீங்களே செஞ்சா, அது யாருகிட்ட கத்துக்கும்?" போடாவைப் பற்றியும் சொன்னார். "திட்டறாருன்னு நெனைக்காதீங்க. எல்லா வார்த்தையும் உள்ள இருக்கு, வெளிய வர வழி அடச்சிருக்கு. அந்த ஒண்ணு மட்டும் வாசல்ல நிக்குது. அவரு எதச் சொல்ல வந்தாலும் அதுதான் ஓடி வரும். வார்த்தைய கேக்காதீங்க, அதச் சொல்ற மாதிரிய கேளுங்க."

அதற்கப்புறம் நாங்கள் மாதிரியைக் கேட்கப் பழகினோம். தண்ணீருக்கு ஒரு போடா இருந்தது, வலிக்கு ஒன்று இருந்தது. அம்மாவைப் பார்த்துச் சொல்வதில் ஒன்று இருந்தது, அதைக் கேட்டால் அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள்.

வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி, மற்ற நேரமெல்லாம் வீட்டில். டிரைவர் அதை ஷிப்டாகப் பிரித்துவிட்டார். சுரங்கத்துச் சங்கு ஊதினால் பயிற்சி. காலைச் சங்குக்குப் புரண்டு உட்காருவது. மதியச் சங்குக்குக் கை. சாயங்காலம் நிற்பது, நடப்பது. எங்கிருந்தோ இரண்டு பழைய தண்ணீர்க் குழாய்களைக் கொண்டுவந்து வீட்டுக்கு முன்னால் இடுப்பு உயரத்துக்கு நட்டுக் கொடுத்தார். நைனா அவற்றுக்கு நடுவில் நிற்பார். அண்ணன் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வான். விழுந்த காலின் முட்டி மடங்காமல் டிரைவர் கையால் முட்டுக் கொடுப்பார். முதல் அடி வைக்கவே பன்னிரண்டு நாள் ஆயிற்று. வலது பாதம் மண்ணில் இழுத்த கோடுகளை அம்மா தினமும் பெருக்குவாள்.

கைக்கு மொச்சைக் கொட்டை. என் எண்ணெய் டின்னில் போட்டு வைத்திருந்தோம். தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாக வலது கையால் எடுத்து டின்னில் போட வேண்டும். ஒரு கொட்டைக்கே வெகுநேரம் பிடிக்கும். அத்தைக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது, எடுத்து அவர் விரலுக்குள் வைத்துவிடுவாள். எக்ஸர்சைஸ் அம்மா அவள் கையைப் பிடித்து முந்தானைக்குள் வைத்து, "உங்க கைக்கும் இதுதான் எக்ஸர்சைஸ்" என்றார். அத்தை இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அந்த விரல்களுக்கு எண்ணெய் போட்டு நீவிவிடுவதை அவள் விடவில்லை.

பேச்சும் தட்டலிலிருந்துதான் வந்தது. வெறும் வார்த்தையைச் சொல்லச் சொன்னால் வராது. தட்டிக்கொண்டே எண்ணச் சொன்னார் எக்ஸர்சைஸ் அம்மா. நைனா சட்டத்தைத் தட்டினார். முதல் தட்டுக்கு ஒன்றும் வரவில்லை, இரண்டாவதுக்கும் இல்லை. தாமதித்து வருகிற மூன்றாவது தட்டோடு சேர்ந்து "மூணு" என்று வந்தது. கொஞ்ச நாளைக்கு எங்கள் வீட்டில் போடா, மூணு என்று இரண்டு வார்த்தை இருந்தன. பசித்தால் மூணு. பிறகுதான் தண்ணி, சோறு, முருகா.

மாசி கடைசியில் அவர் தடி ஊன்றி வாசல்வரை போனார். போர்டுக்கு மூன்று வாரம் இருந்தது.

அம்மா ஒருநாள் ஆஸ்பத்திரியில், அண்ணன் அந்தப் பக்கம் போன பிறகு, மெதுவாகக் கேட்டாள். "அம்மா, ஒரு மாசம் இத நிறுத்தி வெச்சா ஆவுமா? அப்பறம் மறுபடி செஞ்சா?"

அவர் ஏன் என்று கேட்கவில்லை. இந்த ஊரில் எத்தனையோ பேரைப் பார்த்தவர். "இப்பத்தான் கத்துக்குது. இப்ப விட்டா கால் இறுகிப்போகும். அப்பறம் எவ்வளவு தூரம் வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார். அம்மா தலையை ஆட்டினாள். மறுநாள் காலைச் சங்குக்கு முன்பே எழுந்து குழாய்களுக்கு நடுவில் பெருக்கி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். அதுதான் அவள் சொன்ன பதில்.

அண்ணன் தினமும் இடுப்பைப் பிடித்தான். தன் வேலையைத் தானே பின்னாலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி அவனுக்கு இருந்திருக்கும். ஒரே ஒருமுறை, "இன்னாத்துக்கும்மா இவ்ளோ அவசரம்?" என்று கேட்டான். அதற்கு மேல் எதுவும் இல்லை.

பங்குனியில் போர்டு. அன்று காலை நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் ஷிப்டுக்குக் கொண்டுபோகிற பித்தளைப் பில்லை. அந்தப் பில்லை பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை, அம்மாவின் டிரங்குப் பெட்டி வரை தேடிவிட்டேன். வாசலில் ஜட்கா நின்றது. டிரைவருக்குக் காலை ஷிப்டு, அவர் வர முடியவில்லை. அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் கை வைத்த நாற்காலியோடு நின்றார்கள்.

"இதுல குந்த வெச்சித் தூக்கிக்கினு போங்க," என்றாள் அத்தை. "எழுந்து நிக்கறதெல்லாம் வூட்டோட இருக்கட்டும். யாரும் பொய் சொல்லச் சொல்லல. நிக்காத இருந்தா போதும்."

நைனா தடியைப் பார்த்தார். அது அத்தைக்குப் பின்னால் சுவரில் சாத்தியிருந்தது. "போடா" என்றார். மன்றாடுகிற மாதிரியான போடா. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா சாமி மாடத்தின் முன் திரும்பி நின்றாள்.

அவர் கட்டில் சட்டத்தைத் தட்டினார். டக், டக், கொஞ்சம் தாமதித்து, டக். நிறுத்தினார். பதில் கொடுக்கிற டிரைவர் இல்லை, வேறு யாரும் கொடுக்க மாட்டார்கள் என்றுதான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நைனா மற்றவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. இழுத்துக் கவிழ்த்தேன். மொச்சைக் கொட்டைகள் வீடு முழுக்க உருண்டன. கரண்டியால் மூணு அடித்தேன். என் மூன்றாவதும் தாமதமாகத்தான் வந்தது, அவர் படுக்கையில் விழுமுன்பே அவரிடம் கற்றது அப்படி.

"உனுக்கு இன்னாத்துக்குடி..." என்று ஆரம்பித்த அத்தை நிறுத்திக்கொண்டாள். என்னையும் கட்டில் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப உனுக்கு மொதல்லயே..." என்றாள். முடிக்கவில்லை. அம்மா திரும்பிவிட்டாள். அண்ணனும் பார்த்தான்.

நைனா ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு பாதத்தையும் தரையில் பதித்தார், உடம்பை முன்னால் கொண்டுவந்தார், எக்ஸர்சைஸ் அம்மா சொல்லிக் கொடுத்தது ஒன்றும் விடாமல் செய்து எழுந்து நின்றார். ஆடினார். யாரும் கிட்டே போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, அத்தைக்குப் பின்னாலிருந்து தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

போர்டு அறைக்குள் அவர் நடந்து போனார். சுரங்கத்துக்குள் இறங்காமல் தரைக்கு மேலே லைட் டூட்டி என்று எழுதினார்கள். லேம்ப் ரூமில் ஆட்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை, இடது கையால். வலது கை விரல்கள் கடைசிவரை முழுதாக விரியவில்லை, முட்டை ஒன்றைப் பிடித்திருப்பதுபோல மடங்கியே இருந்தன. அந்தக் கையால் சட்டைப் பொத்தான் போடுவார், விபூதி எடுப்பார். வீடு எங்களுக்கு நின்றது, அவர் ரிட்டயர் ஆகிறவரை. அத்தை சித்திரையில் ஊருக்குப் போனாள். அண்ணன் காலை ரயிலில் பெங்களூருக்குப் போய்ப் பல வருடம் வேலை தேடினான், பல வேலை பார்த்தான், கடைசியில் அங்கேயே தங்கிவிட்டான். நல்லது கெட்டதுக்கு வரும்போது எல்லார் முன்னாலும் என்னைக் கிண்டல் செய்வான். "நைனாவுக்கு ஒண்ணு அட்ச்சா, எனுக்கு ரெண்டு அட்ச்சா." மேலே, கீழே. எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அவன் எவ்வளவு சிரித்தான் என்று எனக்குத் தெரியாது.

அந்தத் துண்டைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. நைனாவுக்குக் கேட்கிற அளவுக்குப் பேச்சு திரும்பியிருந்தது, அவரும் கேட்கவில்லை. என் கல்யாணத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம், பந்தல் போடுகிற சத்தத்துக்கு நடுவில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நைனா, அன்னிக்கு அந்தத் துண்டு..." என்றேன். "எனுக்குத் தெரியும் நைனா. தெரிஞ்சித்தான் கட்டுனேன்."

அப்போது அவரிடம் எத்தனையோ வார்த்தைகள் இருந்தன. என் கல்யாணப் பத்திரிகையில் எல்லார் பெயரையும் வாய்விட்டு வாசித்தவர். மடங்கிய கையைத் தூக்கி என் தலைமேல் வைத்தார். "போடா" என்றார்.

அது எந்த மாதிரிப் போடா என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் அதை வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

சினேகிதி வீட்டுக்கு மறுபடி போனேன். இதைத்தான் சொன்னேன், மருமகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பயிற்சிக்கு எங்கே போக வேண்டும் என்று இப்போது விசாரிக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது அப்படிப் படுத்திருந்தால் நீங்களும் சொல்லுங்கள். ஆனால் ஒன்று. சொல்லும்போது எனக்காக இரக்கப்பட்டு, சின்னப் பிள்ளை, அதுக்கு இன்னா தெரியும் என்று ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள். அத்தைதான் கட்ட வைத்தாள் என்று சொல்லி என்னை விட்டுவிடாதீர்கள். சிவப்புக் கோடு போட்ட துண்டு, இரண்டு முடிச்சு, கட்டினது நான். அப்படியே சொல்லுங்கள்.